டர்பனுக்கு ஒரு கேம், ஜோபர்க்குக்கு ஒரு கேமா?

கேட்டவர் டர்பன் பக்கம் பீனிக்ஸில் இருக்கும் ஒரு தம்பி. 2009 மாடல் ஹார்லி டைனா வைத்திருக்கிறார். ட்வின் கேம் 96 இன்ஜின் (96 என்பது இன்ஜினின் கொள்ளளவு, கன அங்குலத்தில்). உள்ளே எதையும் தொடவில்லை. ஏர் கிளீனரும் சைலன்சரும் மட்டும் மாற்றியிருக்கிறார். வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை, மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் பை மாட்டி, ஜோபர்க் பக்கம் லெனேசியாவில் மாமனார் வீட்டுக்குப் போய் வருகிறார். மற்ற நாளில் டர்பனுக்குள்ளும் தென்கரைப் பக்கமும். இப்போது கேம் மாற்ற ஆசை. வால்வுகள் எப்போது, எவ்வளவு திறக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் தண்டுதான் கேம். ஒரு நண்பர் எஸ் அண்ட் எஸ் 585 போடு, பறக்கும் என்கிறாராம். இன்னொருவர் ஸ்க்ரீமிங் ஈகிள் 255 போதும் என்கிறார். மூன்றாமவர் ஆண்ட்ரூஸ் 48. "இதில் எது பெஸ்ட் அண்ணே?"

தம்பி, மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வண்டிக்குச் சரியான பதிலை உங்கள் வண்டிக்குச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கேமின் பெயரைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். முதலில் உங்கள் டாக்கோமீட்டரை, அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள்ளைப் பார்ப்போம்.

டர்பன்–ஜோபர்க் நெடுஞ்சாலை என்3-ல் ஆறாவது கியரில் 120 போனால் உங்கள் இன்ஜின் சுமார் 2,700 சுற்றில் ஓடும். டவுன் ஹில் ஏற்றத்தில் கன்டெய்னர் லாரி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டு வேகம் 80-க்கு இறங்கினால் ஐந்தாவது கியரிலும் அதே 2,000 சொச்சம். ஊருக்குள் ரோபோவிலிருந்து ரோபோவுக்குப் போகும்போது (வெளியூர்க்காரர்களுக்கு: நாங்கள் சிக்னலை ரோபோ என்றுதான் சொல்வோம்) 3,000-ஐத் தொட்டாலே அதிகம். ஆக உங்கள் வண்டியின் ஆயுளில் முக்கால்வாசி 2,000-க்கும் 3,500-க்கும் நடுவில்தான் கழிகிறது. 5,000-க்கு மேல் ஒரு மாதத்தில் எத்தனை நிமிஷம் ஓட்டுகிறீர்கள்? நேர்மையாக எண்ணிப் பாருங்கள். கேம் தேர்வில் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

அடுத்து கேம் கார்டு. ஒவ்வொரு கேமோடும் ஒரு அட்டை வரும், அல்லது தயாரிப்பாளரின் பட்டியலில் இருக்கும். இன்டேக், அதாவது கலவை உள்ளே வரும் வால்வு, எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது. எக்ஸாஸ்ட், அதாவது புகை வெளியே போகும் வால்வு, எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது. வால்வு எவ்வளவு உயரம் எழும்புகிறது. எல்லோரும் நேராக உயரத்துக்குத்தான் போவார்கள், அதாவது லிஃப்ட். 510, 585 என்று எஸ் அண்ட் எஸ் கேமுக்குப் பெயரே அதை வைத்துத்தான்: 0.510 அங்குலம், 0.585 அங்குலம். எண் பெரியதாக இருந்தால் சரக்கு பெரியது என்று மனசு நம்பிவிடுகிறது.

நான் முதலில் பார்ப்பது இன்டேக் மூடும் கோணத்தை. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். எத்தனை டிகிரி வரை என்பதுதான் அந்தக் கோணம். ஏன் திறந்து வைக்க வேண்டும்? வேகமாக ஓடும் இன்ஜினில் காற்றுக்கு ஓட்டம் இருக்கிறது. பிஸ்டன் திரும்பினாலும் காற்று உள்ளே வந்துகொண்டேயிருக்கும். நம் மினிபஸ் டாக்ஸியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் ஓடி வந்து ஏறுகிறார்கள் என்றால் கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைப்பதில் லாபம் உண்டு. மெதுவாக வருகிற நேரத்தில் கதவைத் திறந்தே வைத்தால், உள்ளே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தவனே வெளியே விழுவான். 2,500 சுற்றில் தாமதமாக மூடும் கேம் செய்வது அதைத்தான். உள்ளே வந்த கலவையை ஏறும் பிஸ்டன் திரும்ப இன்டேக்குக்கே தள்ளிவிடுகிறது.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். உங்கள் 96 இன்ஜினின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், 4.375 அங்குலம்; தொழிற்சாலை கம்ப்ரஷன், அதாவது கலவையை நெருக்கும் விகிதம், 9.2-க்கு 1. ஆனால் வால்வு மூடிய பிறகுதானே அழுத்தமே தொடங்குகிறது? 25 டிகிரியில் மூடினால் உண்மையில் கிடைப்பது 8.9. 35 டிகிரியில் மூடினால் 8.65 அளவு. 45 டிகிரி என்றால் 8.3. அதே பிஸ்டன், அதே ஹெட், ஒரு கேம் மாற்றத்தில் இவ்வளவு வித்தியாசம். கோணங்களை ஒப்பிடும்போது எல்லாம் ஒரே அளவுமுறையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹார்லி கேம்களுக்கு டேப்பட் (கேம் மேல் உட்கார்ந்து புஷ் ராடைத் தள்ளும் துண்டு) 0.053 அங்குலம் எழும்பிய இடத்தில் அளப்பது வழக்கம். சிலர் வால்வு லேசாக அசைந்ததிலிருந்தே அளந்து பெரிய எண் போடுவார்கள். அந்த எண்ணையும் இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

இப்போது உங்கள் நண்பர்கள் சொன்னவை. 255 மிகச் சீக்கிரம் மூடுகிற கேம். அந்த 25 டிகிரிக் கணக்கு அதற்குத்தான். கீழிருந்தே இழுக்கும். ஆண்ட்ரூஸ் 48 முப்பதுகளில் மூடும், நடுத்தரம். 585 நாற்பதைத் தாண்டும்; கம்ப்ரஷனை 10-க்கு மேல் ஏற்றி, ஹெட்டிலும் வேலை செய்த இன்ஜினில் அது அழகாக ஓடும். அதை உங்கள் 9.2 இன்ஜினில் போட்டால் கீழே தூங்கும். 4,000-க்கு மேல்தான் கண் விழிக்கும்.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. 2001 மாடல் 88 இன்ஜின், கார்புரேட்டர் வண்டி ஒன்று வைத்திருந்தேன். ஒரு பெரிய லிஃப்ட் கேம் கிடைத்தது. பெயர் வேண்டாம், கேமின் மேல் குற்றமில்லை, போட்டவன் மேல்தான். ஐடிலில் தடக்... தடக் என்று நின்று நின்று ஓடும் அந்தச் சத்தம் இருக்கிறதே, சாட்ஸ்வொர்த்தில் தெரு முனையில் திரும்பினாலே ஆட்கள் வெளியே வந்து பார்ப்பார்கள். முதல் ஞாயிறு மேரிட்ஸ்பர்க் போனேன். ஏற்றத்தில் லாரியைத் தாண்ட மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "மாத்துறதுக்கு முன்னாடி இந்த மேட்டுல கியர் குறைக்க மாட்டீங்களே?" இரண்டு மாதத்தில் கழற்றி, கால் மைல் பந்தயம் ஓடும் பையன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் இன்ஜினில் அதே கேம் தங்கமாக ஓடியது.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவில் எழுதிய ஆலோசனையை இங்கே அப்படியே எடுக்க முடியாததற்கு அதுதான் காரணம்: உயரம். டர்பன் கடல் மட்டம். லெனேசியா போனால் 1,600 மீட்டருக்கு மேல். ஜோஹன்னஸ்பர்க் நகரம் சுமார் 1,750 மீட்டர். கீழே காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்றால் மேலே 82-ஐ ஒட்டி. ஐந்தில் ஒரு பங்கு காற்று காணாமல் போய்விடுகிறது, அதோடு ஐந்தில் ஒரு பங்கு சக்தியும். கம்ப்ரஷன் கேஜ் மாட்டினால் டர்பனில் 180 பிஎஸ்ஐ காட்டும் இன்ஜின், அங்கே 145, 150 என்றுதான் காட்டும். இன்ஜின் தேய்ந்துவிட்டதென்று பயந்து மேலே பிஸ்டன் ரிங் மாற்றியவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

தாமதமாக மூடும் கேம் கம்ப்ரஷனை ஏற்கனவே தின்றுவிட்டது; மீதியை ஜோபர்க் இருக்கும் அந்த மேட்டு நிலம், ஹைவெல்ட், தின்னும். வான் ரீனன் கணவாய் ஏறும்போது, மனைவி, பை, எதிர்க்காற்று எல்லாம் சேர்ந்து, அந்த இன்ஜின் உயிரை விடும். சீக்கிரம் மூடும் கேம் மேலே அவ்வளவு இழக்காது. அப்படியானால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லதா என்று கேட்பீர்கள். அங்கேதான் பெட்ரோல் குறுக்கே வருகிறது.

கம்ப்ரஷன் கூடினால் நாக்கிங் வரும், அந்த கிண்-கிண் சத்தம். பிஸ்டனை ஓட்டை போடுவது அதுதான். நம் பக்கம் பம்பில் 95. மேலே 93-ம் 95-ம் வைத்திருப்பார்கள். ஹார்லி கையேட்டில் 91 என்று பார்த்துவிட்டு, 93 போதும், மிச்சம்தானே என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது வேறு எண். அமெரிக்கப் பம்பில் எழுதுவது இரண்டு அளவுமுறைகளின் சராசரி. நம்முடையது ரிசர்ச் ஆக்டேன். அவர்களுடைய 91-ம் நம்முடைய 95-ம் ஏறக்குறைய ஒன்று. நம் 93 அவர்கள் ஊரில் 88, 89-க்குத்தான் வரும். பம்ப் பையன் என்ன சொன்னாலும் கீழே 95 மட்டும் போடுங்கள். மேலே காற்று மெலிசு என்பதால் 93 தாங்கும். ஆனால் திரும்பி வரும்போது ஹாரிஸ்மித்தில் நிரப்பினால் 95. அந்த டாங்கைத்தான் நீங்கள் கடற்கரைக் காற்றில் எரிக்கப் போகிறீர்கள்.

டிசம்பர் விடுமுறையில் ஜோபர்க் நம்பர் வண்டிகள் இறங்கி வரும்போது இந்தக் கூத்தை வருஷா வருஷம் பார்க்கலாம். மேலே டைனோவில் (சக்தி அளக்கும் உருளை மேடை) ஏற்றி, அந்தக் காற்றுக்கு இக்னிஷன் டைமிங்கை முன்னால் தள்ளி வைத்து, அருமையாக ஓடுகிற வண்டி. வான் ரீனன் தாண்டிக் கீழே வர வர கிண்-கிண் தொடங்கும். உங்கள் டைனாவில் இருக்கிற கம்ப்யூட்டர் இன்டேக் அழுத்தத்தைப் பார்த்து எரிபொருளையும் டைமிங்கையும் முடிவு செய்கிறது. மேலே த்ராட்டிலை முழுக்கத் திறந்தாலும் அழுத்தம் 82-ஐத் தாண்டாது. ஆக அட்டவணையில் 85 முதல் 100 வரை உள்ள கட்டங்களை அங்கே யாரும் தொடவே முடியாது. அந்தக் கட்டங்களில் பழைய எண்ணோ, யாரோ குத்துமதிப்பாகப் போட்ட எண்ணோதான் இருக்கும். டர்பன் வந்து த்ராட்டிலைத் திறந்தால் வண்டி நேராக அந்தக் கட்டத்துக்குள் போய் நிற்கும்.

அதனால் கேம் போட்ட பிறகு டியூனிங்கை டர்பனிலேயே செய்யுங்கள். லெனேசியாவில் மச்சான் மலிவாக முடித்துத் தருவார் என்றாலும் வேண்டாம். அடர்த்தியான காற்றில் நாக்கிங் இல்லாமல் அமைத்துவிட்டால் மேலே ஆபத்து இல்லை. கொஞ்சம் சக்தி மிச்சம் கிடக்கும், அவ்வளவுதான். டியூன் செய்யாமல் ஓட்டலாமா என்று கேட்காதீர்கள். தொழிற்சாலை அட்டவணை பழைய கேம் உறிஞ்சும் காற்றை வைத்து எழுதியது. கேம் மாறினால் ஐடிலில் வரும் அழுத்தமே மாறிவிடும், அட்டவணை பொய்யாகிவிடும்.

சைலன்சர் எது என்று நீங்கள் எழுதவில்லை. வாய் திறந்த நேர் பைப் என்றால், இரண்டு வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் நேரம் அதிகமுள்ள கேம் அதோடு ஒத்துப்போகாது. கீழ்ச் சுற்றில் எரிந்த புகை திரும்ப உள்ளே வரும். இரண்டு பைப்பும் ஒன்றாகச் சேரும் வகை என்றால் நல்லது.

இனி லிஃப்ட். பெரிய விஷயமில்லை என்று சொன்னாலும் ஒரு கணக்கு உண்டு. 2005 முதல் வந்த வண்டிகளில் வால்வு ஸ்பிரிங் தேன்கூடு வடிவத்தில் மேலே குறுகியிருக்கும், 0.550 அங்குலம் வரை அதையே வைத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய வண்டிகளில் 0.500-ஐத் தாண்டினாலே ஸ்பிரிங் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.550-க்கு மேல் போகிறவர்கள் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் களிமண் வைத்துச் சுற்றி, இடைவெளியை அளக்க வேண்டும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் 0.080, வால்வுக்கும் வால்வுக்கும் 0.060 அங்குலமாவது இருக்க வேண்டும். 255 அந்த எல்லையை ஒட்டி நிற்கிறது, 48 நன்றாகவே கீழே இருக்கிறது. 585-க்குப் போனால் ஸ்பிரிங் செலவும் சேரும்.

வாங்கும்போது வருஷத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். 2006 டைனாவிலும் 2007 முதல் மற்ற எல்லா ட்வின் கேமிலும் கேம் பேரிங், கேமைச் சுற்றும் செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எல்லாம் வேறு. முந்தைய 88-க்கு வந்த கேம் உங்கள் வண்டியில் உட்காராது. பழைய கேம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது பக்கியின் (பிக்கப் வண்டி) பின்னால் வைத்துக் காட்டினால், வருஷம் கேட்காமல் பர்ஸைத் திறக்காதீர்கள்.

பழைய 88 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வண்டியில் டென்ஷனர் ஸ்பிரிங் அழுத்தத்தில் வேலை செய்கிறது. அதன் பிளாஸ்டிக் பாதம் தேயும். தேய்ந்த தூள் எண்ணெயோடு பம்புக்குப் போனால் இன்ஜினுக்குக் கெடுதல். கேம் மாற்றாவிட்டாலும் மூடியைத் திறந்து அதைப் பாருங்கள். மாற்றுகிறீர்கள் என்றால் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும்) டென்ஷனர் உள்ள கேம் பிளேட்டாகவே போட்டுவிடலாம்.

தம்பி, யாராவது செயினை விட்டுவிட்டு கியர் டிரைவ் போடச் சொல்லலாம். டென்ஷனர் தொல்லையே இல்லை, உண்மைதான். ஆனால் கிராங்கின் பினியன் ஷாஃப்ட் நேராகச் சுற்ற வேண்டும். டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் 0.003 அங்குலத்துக்கு மேல் ஆடக்கூடாது. அதைத் தாண்டினால் கியர் பல் கடித்துக்கொள்ளும், அலறும். உங்கள் வருஷத்து ஹைட்ராலிக் டென்ஷனர் நல்லது, அதை விட்டுவிடுங்கள்.

மூடி திறந்தாகிவிட்டது என்றால் உள் பேரிங் இரண்டையும் மாற்றாமல் மூடாதீர்கள். டேப்பட் 40,000 கி.மீ. ஓடியிருந்தால் அதையும். புஷ் ராட் நீளம் மாற்றும் வகையாக வாங்குங்கள்: பழைய ராடை வெட்டி எடுத்துவிட்டு இதைப் போடலாம், ராக்கர் பெட்டியும் டாங்கும் கழற்ற வேண்டியதில்லை. கூலியில் அது ஈடாகிவிடும். கேம் மட்டும் வாங்கினால் போதும் என்று பட்ஜெட் போடுகிறவர்கள் பாதி வழியில் நிற்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும், அதன் மேல் 15 சதவீத வாட்டும் உண்டு.

ஹார்லியின் புதிய இன்ஜினான மில்வாக்கி-எய்ட் வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் இந்தப் பெயர்களைத் தேட வேண்டாம். 2017 மாடலிலிருந்து வந்த அந்த இன்ஜினில் கேம் ஒன்றுதான், சிலிண்டருக்கு வால்வு நான்கு. மூடும் கோணத்தைப் பார்க்கும் கணக்கு அங்கேயும் உதவும், கேம் வேறு.

சரி, என்னைப் போடச் சொன்னால்? உங்கள் 9.2 இன்ஜினுக்கு, அந்தச் சுமைக்கு, அந்தச் சாலைக்கு, நான் 25-க்கும் 36-க்கும் நடுவில் மூடுகிற கேம்தான் எடுப்பேன். 255-ம் 48-ம் அந்த வட்டத்துக்குள் வருகின்றன. 585 வராது. இரண்டில் ஒன்றைத் தொடச் சொன்னால், பாரம் வைத்து மேலே ஏறும் ஆளுக்கு 255. ஒரு நிபந்தனை: நாளைக்கு 103 கிட் போட்டு இன்ஜினைப் பெரிதாக்கலாம், கம்ப்ரஷனை 10-க்கு ஏற்றலாம் என்று மனதில் ஏதாவது இருந்தால் 255 வேண்டாம். ஜனவரி வெயிலில், கோயில் திருவிழாக் கூட்டத்தில், இன்ஜின் சூடேறி முதல் கியரில் ஊர்ந்து போய், பிறகு சட்டென்று த்ராட்டிலைத் திருகினால் கடல் மட்டத்தில் அது தட்டும். அந்தத் திட்டம் இருந்தால் இப்போதே 48 பக்கம் போங்கள்.

சத்தத்துக்காக மட்டும் கேட்கிறீர்கள் என்றாலும் எனக்குக் கோபமில்லை. அப்படிக் கேட்பவர்கள் வெளிப்படையாகச் சொன்னால் பதில் சுலபம். 255 ஐடிலில் ரொம்ப நல்ல பிள்ளையாக இருக்கும், தெருவில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை. இன்ஜினைச் சூடாக்கி, இரண்டு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருந்தால் கேமுக்கு வைத்த பணம் வேறு இடத்துக்குப் போக வேண்டியிருக்கும். கிடைக்கிற இரண்டு எண்ணையும், எந்த ஊரில் அளந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.